பாவம் பார்த்து வாங்கிய தோட்டா

வள்ளி அக்காவுக்கு "பாவம்" என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எனக்கும்தான். ஹூஸ்டனில் ஹில்க்ராஃப்ட் தெரு ஓட்டலில் இரண்டாவது தட்டு மட்டன் பிரியாணியை வளைத்துக் கட்டிக்கொண்டே, "மானைப் போய் ஷூட் பண்றீங்களாமே, பாவமா இல்லையா?" என்று அக்காவிடம் கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டுக்கு மட்டும் பாவம் கிடையாது போலிருக்கிறது.

அக்காவுக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிப்பாளையம். ஹூஸ்டன் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. நவம்பர் பிறந்தால் மான் வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். அவர் கணவர் செழியன் அண்ணனும், அவரோடு ஆபீஸில் வேலை பார்க்கும் நானும் கூடவே தொற்றிக்கொள்வோம். டெக்சாஸில் லானோ என்ற ஊருக்குப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் குத்தகைக்கு இடம். சீடர் மரங்கள் அடர்ந்த காடு அது. கிட்டே வந்தால்தான் மான் கண்ணிலேயே படும். அதனால் அக்கா ரைஃபிளை எடுப்பதில்லை, ரிவால்வர்தான். எவ்வளவு பெரிய கொம்போடு நின்றாலும் நாற்பது கஜத்துக்கு அப்பால் இருந்தால் சுடமாட்டார்.

அவருடைய பிடிவாதமெல்லாம் தோட்டாவில்தான். மேக்னம் என்கிற நீளமான, மருந்து அதிகமுள்ள தோட்டா, கனமான குண்டு, கெட்டியான முனை. "எலும்புல பட்டாலும் நிக்காம நெஞ்சைத் தாண்டி அந்தப் பக்கம் போகோணும் பசுபதி. அப்பத்தான் அது சீக்கிரம் விழும்" என்பார் என்னிடம். வீட்டுக் காவலுக்கென்று விற்கிற, முனையில் குழி வைத்த லேசான தோட்டாக்களைத் தொடவே மாட்டார். அவை பட்டவுடன் விரிந்து மேலாகவே நின்றுவிடுமாம். சீசனுக்கு முன்னால் சனிக்கிழமை தவறாமல் ரேஞ்சுக்குப் போய், தன் தோட்டாவையே சுட்டுப் பழகுவார். அது உதைக்கிற உதையில் மணிக்கட்டு வீங்கிவிடும். ஐஸ் வைத்துக்கொண்டு மறுபடி போவார்.

போன வருடம், "இந்த முறை நான் சுடறேன்" என்றார் செழியன் அண்ணன். அக்காவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் நின்று பழக்கினார். கிளம்பும்போது தன் தோட்டாப் பெட்டியை அவர் கையிலேயே கொடுத்தார்.

மாலை வெயில் சாய்கிற நேரத்தில் ஒரு கிடாமான் வெளியே வந்தது. முப்பது கஜம்கூட இருக்காது. அண்ணன் நிதானமாகத்தான் சுட்டார். மான் துள்ளியது, முன்னங்கால் மடிந்து விழுந்தது, எழுந்து நொண்டிக்கொண்டே புதருக்குள் ஓடிவிட்டது.

அக்கா மானைப் பார்க்கவில்லை. அண்ணன் கையைத்தான் பார்த்தார்.

"இது என்னோட தோட்டாச் சத்தம் இல்லீங்களே."

ரிவால்வரை வாங்கித் திறந்தார். உள்ளே இருந்த தோட்டாக்கள் எல்லாம் குட்டையாக இருந்தன.

"கடையில ஸ்பெஷல்னு ஒரு தோட்டா இருந்துச்சு வள்ளி," என்றார் அண்ணன். "இதே கன்ல போடலாம்னு சொன்னாங்க. ஹாலோ பாயிண்ட், முனையில குழி வெச்சது, உதையும் கம்மி. உன்னோடது யானையைச் சாய்க்கற மாதிரி இருக்குது. பாவம், சின்னதா இருந்தா அதுக்கு வலி கம்மியா இருக்குமேன்னு..."

"அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" அக்கா கத்தியதில் எனக்கே தூக்கிவாரிப்போட்டது. "சாகவும் விடாம, பொழைக்கவும் விடாம ஓட விட்டுட்டு, வலி கம்மின்னு சொல்றீங்க! உங்க மனசு நோகாம இருக்கோணும்னு வாங்குனீங்க. மானுக்காக வாங்கலை."

எனக்கும் ஆத்திரம்தான். மணிக்கட்டு வீங்க வீங்கச் சுட்டுப் பார்த்து ஒருத்தி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கடையில் எவனோ சொன்ன ஒரு வார்த்தையை நம்பியிருக்கிறார் மனுஷன். அதற்குக் கருணை என்று பெயர் வேறு!

மான் படுக்கட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தேடப் போனோம். குண்டு மறுபக்கம் வெளியே வராததால் ரத்தம் அங்கொரு சொட்டு, இங்கொரு சொட்டுதான். இருட்டுவதற்குள் நாங்கள் கண்டுபிடிக்காவிட்டால் கொயோட்டி ஓநாய்கள் கண்டுபிடித்து உயிரோடு கிழிக்கும். அக்கா மண்டியிட்டு ஒவ்வொரு சருகாகப் புரட்டினார். வாய் மட்டும் திட்டுவதை நிறுத்தவில்லை. அண்ணன் முள் கிழித்த கையைத் துடைக்கக்கூட இல்லாமல் பின்னாலேயே வந்தார்.

வறண்ட ஓடைக் கரையில் கிடந்தது. தோள் சிதைந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்து விழுந்தது, மறுபடி எழப் பார்த்தது. வாய் திறந்து மூச்சு வாங்கியது.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாருங்க," என்றார் அக்கா. "நீங்க குடுத்த கம்மி வலி. நல்லாப் பாருங்க."

குட்டைத் தோட்டாக்களைக் கீழே கொட்டிவிட்டு, தன்னுடையது ஒன்றை எடுத்துப் போட்டார். அவரே சுடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அண்ணன் கையை நீட்டினார். "குடு. நான் பண்ணுனது, நானே முடிக்கறேன்." அழுதுகொண்டிருந்தார். அப்படியே கிட்டே போய் நெஞ்சுக்குக் குறிவைத்தார்.

வெடிச்சத்தம் ஓடை முழுக்க அதிர்ந்து ஓய்ந்தது. மானின் கால் ஒருமுறை நீண்டது. அப்புறம் அசைவே இல்லை.

அக்கா ரிவால்வரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கோபம் அப்போதும் ஆறவில்லை.

"யானையைச் சாய்க்கற தோட்டான்னு சொன்னீங்களே," என்றார். "அது செய்யறது இவ்வளவுதானுங்க."