கமலவேணியின் டீசல் பீப்பாய்

கமலவேணி அக்காவை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. அவரும் என்னை நம்பவில்லை, அதனால் இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. மலாக்காவின் காஜா பெராங் சாலையோரம் கணவர் விட்டுப்போன பெட்ரோல் கொட்டகையை அவர் தனியாளாக நடத்திவந்தார். நோட்டை நீட்டினால் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். நாம் டாங்கியை முகர்ந்து பார்ப்பதற்குள், "என்ன மருதமுத்து, மண்ணெண்ணெய் வாடை வருதா?" என்று அவரே முந்திக்கொள்வார். இப்படி முந்திக்கொள்கிறவர்களைக் கண்டால்தான் எனக்கு ஆகாது.

ஐம்பத்தேழாம் வருடம் அது. டீசலில் ஓடும் கார்கள் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. பெட்ரோலைவிட டீசல் மலிவு, டாக்சி ஓட்டும் எங்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் மலாக்கா டவுனில் கார்களுக்கு டீசல் ஊற்ற இடம் கிடையாது. லாரிக்காரர்கள் தங்கள் கொட்டகையில் தங்களுக்கு மட்டும் வைத்திருந்தார்கள். கார்கள் வரட்டும், பம்பு வைக்கிறோம் என்றது எண்ணெய் கம்பெனி. பம்பு வரட்டும், கார் வாங்குகிறோம் என்றோம் நாங்கள். இதில் யாருக்கும் அவசரம் இல்லை, அக்காவைத் தவிர.

அவர் கம்பெனிக்காரரை விடாமல் நச்சரித்து ஒரு வாக்கு வாங்கினார். கைப்பம்பு பொருத்திய பீப்பாய்கள் வரும். ஆறு மாதத்துக்குச் சலுகை விலை. அதற்குள் எட்டு டாக்சிகள் நிலையாக வந்தால் தரையைத் தோண்டி நிரந்தரமாகத் தொட்டி வைப்பார்கள். வராவிட்டால் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு போவதோடு, கொட்டகையையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பெண்பிள்ளை பம்பு நடத்துவது அவர்களுக்கு முன்பே உறுத்தல்தான்.

வீடு வீடாக ஏறி இறங்கி எட்டுப் பேரைப் பிடித்தார். ஏழாவதாக மாட்டியவன் நான். பழைய காரைத் தள்ளிவிட்டு டீசல் கார் எடுத்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. இப்போது மலிவாக ஊற்றுவார்கள், நாம் மாறிய பிறகு விலையை ஏற்றுவார்கள். அல்லது இந்த அக்கா மண்ணெண்ணெய் கலப்பார். இரண்டில் ஒன்று நிச்சயம் என்று நினைத்தேன்.

மெர்டேக்கா சுதந்திரக் கொடிகள் கடைகளில் தொங்கிக்கொண்டிருந்தபோதே ஆயுத பூசை வந்தது. கார்களைக் கழுவிச் சந்தனம் வைக்கும்போது பீப்பாய்க்கும் ஒரு பொட்டு வைக்கலாம் என்று பேசியிருந்தோம். நான் விடிந்ததும் போய்விட்டேன். ஸ்பேனரால், புழக்கத்தில் இருந்த பீப்பாயின் மூடியைத் திறந்து குச்சியை விட்டு முகர்ந்தேன். சுத்தமான டீசல்! ஏமாற்றமாகக்கூட இருந்தது. உள்ளே கதவுச் சத்தம் கேட்க, மூடியை அப்படியே மேலே வைத்துவிட்டு நகர்ந்தேன். பிறகு எல்லாரும் வந்தார்கள். மஞ்சள் கரைத்து, செவ்வந்தி உதிர்த்துப் போட்ட தண்ணீரை மூன்று வாளி பீப்பாயின் தலையில் ஊற்றியவனும் நான்தான். பக்தியில் குறை வைக்கவில்லை. மூடியைத்தான் மறந்துபோனேன். யாரோ கையால் திருகிவைத்துப் பொட்டும் வைத்தார்கள்.

மறுநாள் ஏழு பேர் டீசல் ஊற்றினோம். ஒரு கார் தம்பின் போகும் வழியில் நின்றது, இன்னொன்று புக்கிட் ரம்பாயில். என்னுடையது உஜோங் பாசிரில் செருமிச் செருமி அடங்கியது. எட்டாவது ஆளான ஷரீஃபுதீன் பாயின் கார் மட்டும் ஓடியது. பூசைக்கு முதல் நாளே அவர் நிரப்பியிருந்தார். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மாலையில் கொட்டகை முன்னால் கூடினோம். "அக்கா தண்ணி கலந்துட்டாங்க," என்றான் தம்பிராஜா. எங்களில் வாய் நீளம் அவனுக்குத்தான். "இல்லன்னா பாய் வேலை. அவர் கார் மட்டும் எப்படி ஓடுது?" நானும் அவரைத்தான் முறைத்தேன்.

அக்கா பீப்பாயைச் சாய்க்கச் சொல்லி, அடியில் கிடந்ததை ஒரு போத்தலில் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கீழே இறங்கி நின்றது. அதில் ஒரு செவ்வந்தி இதழ் மிதந்தது.

அந்த இதழ் என் வாளியிலிருந்து போனது. நாலு பேர் பெட்ரோல் காருக்கே திரும்புவதாகச் சொல்லிவிட்டார்கள். எட்டு டாக்சி இருக்கிறதா என்று எண்ண வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் வருகிறார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி பாய் தலையில் விழும், கொட்டகை அக்காவின் கையைவிட்டுப் போகும். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். மூடி, குச்சி, வாளி, எல்லாவற்றையும்.

ஒருவரும் நம்பவில்லை!

"அக்கா உனக்கு எத்தன போத்தல் மினியாக் சும்மா ஊத்துறேன்னாங்க?" என்று சிரித்தான் தம்பிராஜா. டீசலை நாங்கள் மினியாக் என்போம்.

"அவன் சொல்றது நெசம்," என்றார் அக்கா. "ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். மினியாக் திருட வந்திருக்கான்னு நெனச்சேன். கையும் களவுமா புடிக்கலாம்னு சத்தம் போடாம நின்னேன். ஒண்ணும் எடுக்கலன்னதும் சப்புன்னு போச்சு, விளக்கேத்தப் போயிட்டேன். மூடியைப் போய்ப் பாக்கல. தப்பு எம்மேலயும் இருக்கு."

தன் மேல் தானே சேறு பூசிக்கொள்கிறவரை எப்படிச் சந்தேகிப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

"என்னை நம்புங்கன்னு கேக்கல," என்றார். "சந்தேகப்படுங்க. ஆனா இங்க வந்து நின்னு சந்தேகப்படுங்க. இனி மொதல்ல போத்தல்ல புடிச்சுக் காட்டுறேன். தெளிஞ்சதும் பாருங்க. திருப்தின்னா ஊத்துங்க."

வெள்ளிக்கிழமை காலையில் முதலில் வந்து நின்றது ஷரீஃபுதீன் பாயின் கார். அதன் பின்னால் நான். ஒவ்வொருவராக எட்டுப் பேரும் வந்து, போத்தலையே வெறித்துக்கொண்டு வரிசையில் நின்றோம். கம்பெனியின் வெள்ளைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாள் நம்பிக்கையானவர்தானா என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஷரீஃபுதீன் பாய்தான் பேசினார். "நாங்க யாரையும் நம்பறதில்ல துவான்," என்று துரையைப் பார்த்துத் தமிழில் தொடங்கி மலாய்க்கு மாறினார். "ஆனால் இங்கே தவிர வேறெங்கும் ஊற்ற மாட்டோம்."

கமலவேணி அக்கா அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டார். அடுத்த மாதம் தரையைத் தோண்டினார்கள். பிறகு நான் பயந்தபடியே சலுகை போய் விலை ஏறியது. திட்டிக்கொண்டே ஊற்றினோம், எட்டில் ஒருவர்கூட விலகவில்லை.