ஓரத்தில் எழுதிய ‘திரு’

கல்யாணமாகி மலேசியாவின் கெடா மாநிலத்துக்கு வந்த நான்கு ஆண்டுகளில் யாரும் என்னைத் ‘திரு’ போட்டு அழைத்ததில்லை. அதனால்தான், சுங்கைப் பட்டாணிக் கல்லூரியில் திருப்பித் தந்த என் ஆங்கிலக் கட்டுரையின் ஓரத்தில், மலாய்க்கார விரிவுரையாளர் சிவப்பு மையில் ‘திரு?’ என்று ரோமன் எழுத்தில் எழுதியிருந்ததைப் பார்த்து நெகிழ்ந்துபோனேன். கேள்விக்குறிதான் உறுத்தியது. நான் ஆணா பெண்ணா என்று சந்தேகமோ? பக்கத்திலேயே அடக்கமாக ‘மதி’ என்று சேர்த்து மறுபடியும் கொடுத்தேன்.

இந்த முறை அடிக்கோட்டுடன் திரும்பி வந்தது. வியாழனுக்குள் மாற்றி எழுதாவிட்டால் பூஜ்யம். தேறாவிட்டால், நாங்கள் குடியிருக்கும் கோலா கெத்தில் ஊர்ப் பாலர்பள்ளியில் எனக்காக வைத்திருந்த ஆசிரியை வேலை இன்னொருத்திக்குப் போய்விடும். நாத்தனார் ரேவதி தாளை வாங்கிப் பார்த்தாள்.

“அண்ணி, இது மரியாதை இல்ல லா. மலாய்ல திருன்னா பார்த்து எழுதுறது. காப்பி அடிச்சீங்களான்னு கேட்டிருக்காங்க. நீங்க ‘மதி’ போட்டு, ஆமா நான்தான்னு கையெழுத்து வச்சிட்டீங்க.”

நம் ஊரில் படித்தவர்களுக்கு என் நிலை புரியும். நான் படித்த திருவாரூரில், பாடத்தில் உள்ளதைக் காற்புள்ளி பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண். ‘சொந்தச் சரக்கைச் சேர்க்காதே’ என்பதுதான் எங்கள் டீச்சரின் ஒரே கண்டிப்பு. மறுநாள் விரிவுரையாளரிடம் போய் நின்றேன்.

“புவான், இது என் வாக்கியம்,” என்று மலாய்த் ‘திருமதி’ போட்டே அழைத்து, தன் வகுப்புக் குறிப்பைக் காட்டினார்.

“தெரியும் மேடம். நீங்கள் சொன்னதை நான் எப்படி மாற்றுவது?”

குறிப்பை மூடி வைத்தார். “எடுக்கலாம். யாரிடம் எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மிச்சம் உங்கள் வார்த்தையில்.”

என் வார்த்தை எது? குழந்தைகள் பேசக் கற்பதைப் பற்றிய கட்டுரை அது. ‘பிள்ளை காதால்தான் பேசப் படிக்கும்’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால், அது அம்மா போனில் சொன்னது. அடித்தேன், மனசு கேட்காமல் மறுபடி எழுதினேன். எதிரே என் மூன்று வயது மகள் தட்டைத் தள்ளி, “அம்மா, சோறு பானாஸ்,” என்றாள். ‘சுடுது’ என்றுதான் நான் சொல்லிக்கொடுத்தேன். மலாய் வார்த்தையை யாரிடம் எடுத்தாளோ. அதையும் எழுதினேன்.

வியாழக்கிழமை கொடுத்தேன். தேறிவிட்டது. ஒரே ஒரு திருத்தம்: கடைசிப் பக்கத்தில், சொன்னவர் ஒவ்வொருவருக்கும் ஊர் போட வேண்டும். அம்மாவுக்கு எதிரே திருவாரூர் என்றும், ஒரு வரி விட்டு, மகளுக்கு எதிரே கோலா கெத்தில் என்றும் எழுதினேன். நடுவில் விட்ட வரி காலியாகவே இருந்தது. எழுதியவளின் ஊரை யாரும் கேட்கவில்லை.