வடிகட்டியைக் கழுவியவள்

தெருவில் அவளுக்குச் 'சுத்தக்காரி' என்றுதான் பெயர். ஓடைக்கரையில் நான்கு இயந்திரங்களை வைத்துச் சலவைக்கடை நடத்துகிறாள். இருபத்திரண்டு வருடத்தில் காலர் அழுக்கு போகவில்லை என்று ஒரு சட்டைகூடத் திரும்பி வந்ததில்லை. நீங்கள் டீ குடித்துக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் பிடுங்கிக் கழுவிவிடுவாள். அவள் வீட்டில் நிம்மதியாக ஒரு பிஸ்கட் தின்ன முடியாது, அப்படி ஒரு பிறவி.

அப்பேர்ப்பட்டவளிடம் போய், ஓடை கெடுவதே உன்னால்தான் என்றால் எப்படி இருக்கும்? சொன்னது அவள் கணவனின் தங்கை. நகராட்சிக்காக ஓடைத் தண்ணீரைப் பரிசோதிப்பது அவள் வேலை.

"அண்ணி, ஓடையில உங்க கடைக்கு மேல்பக்கம் எடுத்த தண்ணில ஒண்ணு ரெண்டுதான் இருக்கு. கடையத் தாண்டினா கொத்துக் கொத்தா பிளாஸ்டிக் நூலு. பாலியெஸ்டர் துணி துவைக்கறப்ப உதிர்றது. கண்ணுக்குத் தெரியாது. மீன் வயித்துல கிடக்குது."

சுத்தக்காரிக்கு முகம் சுண்டிப்போனது. நகராட்சி மூன்று மாதம் கெடு கொடுத்தது. அதற்குள் குறையாவிட்டால் கடையின் கழிவுக்குழாயை அடைத்துவிடுவார்கள். குழாய் போனால் கடையும் போச்சு.

அவள் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பொடிக்கண் வலை வைத்த வடிகட்டி மாட்டச் சொன்னாள். அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவற்றைக் காத்தாள். சாயங்காலமானால் வலையில் சாம்பல் நிறப் பஞ்சு திரண்டிருக்கும். துணி வாங்க வந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டிப் பெருமைப்பட்டாள்.

கெடு முடிந்து எடுத்த சோதனையில் துளிகூடக் குறையவில்லை.

"அந்த மெக்கானிக் உங்க தலையில நல்லா மிளகாய் அரைச்சுட்டான்" என்றாள் நாத்தனார். "வடிகட்டி போலின்னு எழுதிடறேன். புதுசு மாட்ட இன்னொரு மாசம் தருவாங்க. அவனுக்கு நோட்டீஸ் போகும், போகட்டும்."

"எழுது. அவன நான் சும்மா விடமாட்டேன்."

கடை மூடும் நேரம். பேச்சோடு பேச்சாக ஒரு வடிகட்டியைக் கழற்றினாள். தினமும் செய்வதுபோல் தொட்டிக்குக் கொண்டுபோய், குழாயைத் திறந்து, பிரஷ் போட்டுத் தேய்த்தாள். சாம்பல் பஞ்சு கலைந்து தொட்டியின் துவாரத்தில் இறங்கியது. வலை பளிச்சென்று ஆனது.

"அண்ணி, இந்தத் தொட்டித் தண்ணி எங்க போகுது?"

"எங்க போகும், ஓடைக்கு..."

பிரஷ் கையிலேயே நின்றது. தொண்ணூறு நாள். ஒருநாள் விடாமல், பார்த்துப் பார்த்து, இதே கையால். வெட்கத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். நான் அவன் பேரையே எழுதிடறேன். நாளையிலேர்ந்து கழுவாதீங்க, போதும்."

"அவன் போட்டது நல்ல வலை. எல்லாத்தையும் புடிச்சுக் கொடுத்துச்சு. கொண்டுபோய் ஓடையில கொட்டினது நான்."

"அப்படி எழுதினா மாசமும் கிடைக்காது, ஒண்ணும் கிடைக்காது. குழாய அடைச்சுடுவாங்க அண்ணி."

"தெரியுது. வடிகட்டி சரியா இருக்கு, கழுவினவதான் சரியில்லன்னு எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதி, கையெழுத்தும் ஆயிற்று. நாத்தனார் போனபிறகு மீதி மூன்று வடிகட்டிகளையும் கழற்றினாள். ஈரப் பஞ்சைக் கரண்டியால் சுரண்டிக் காகிதத்தில் மடித்து வைத்தாள். வலையில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. கை குழாய்ப் பக்கம் போனது. இழுத்துக்கொண்டாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக, அழுக்கை அழுக்காகவே விட்டுவிட்டுக் கடையைப் பூட்டினாள்.