நாலடி ஆழம்

ஜீவனஹள்ளியில் வீடு கட்டியபோது நான் ஆறு மாதக் கர்ப்பிணி. எங்கள் தெருக் குழாயில் காவிரித் தண்ணீர் எந்த நாள் வரும், எந்த நாள் வராது என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதல் வேலையாக வாசலில் சம்ப் தோண்டினோம், மண்ணுக்குள் இறங்கும் சிமெண்டுத் தொட்டி. பள்ளிக்கூடத்தில் கன அளவு நடத்துகிறவள் என்பதால் அளவு சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஆறடி நீளம், நாலடி அகலம். அதற்கு மேல் இடமில்லை. ஆழம் மட்டும்தான் என் கையில். ஆளுக்கு நாளைக்கு நூறு லிட்டர், ஒரு வாரத்துக்குத் தாங்க வேண்டும். கன அடிக்கு இருபத்தெட்டு லிட்டர் பிடிக்கும். நான், கணவர், மாமியார் மூவருக்கும் ஏறக்குறைய மூன்றடி ஆழமே போதும்.

நான் நாலடி என்றேன்.

"மூணு பேருக்கு எதுக்கும்மா நாலடி?" என்றார் மேஸ்திரி.

"டீச்சர் சொன்னா கேளுங்க" என்று அவர் வாயை அடைத்தேன்.

பிறக்குமுன் குழந்தைக்கென்று எதையும் சேர்த்துவைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மாமியார் ஒரு துணிகூட வாங்க விடவில்லை. எனக்கு வீம்பு. துணிதானே கூடாது, தண்ணீருமா என்று அந்த ஓரடியை யாருக்கும் சொல்லாமல் சேர்த்தேன். இருபத்துநாலு கன அடி, கிட்டத்தட்ட எழுநூறு லிட்டர். ஓர் ஆளின் ஒரு வாரம்.

எட்டாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே அசைவை நிறுத்திக்கொண்டது. பெண் குழந்தை. டாக்டர் ஏதேதோ காரணம் சொன்னார். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். கணக்கு டீச்சருக்கு இப்படி ஒரு மூடநம்பிக்கையா என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். திட்டியதால் அது போய்விடவில்லை.

அடுத்த கோடையில் ஒரு வாரம் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தெருவே குடங்களோடு டேங்கர் லாரிக்குக் காத்திருந்தது. மாமியார் மூங்கில் குச்சியைச் சம்புக்குள் விட்டு, ஈரம் ஏறிய அளவைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு அடி தண்ணி நிக்குதே! என்னா கணக்குடி போட்ட?" என்றார் சந்தோஷமாக.

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை வெடித்தது. "அது அவளோட தண்ணி, அத்தை. அவ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் சேர்த்து வச்சேன்" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் குச்சியைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நானும் ஒரு சின்ன ஸ்வெட்டர் பின்னி பீரோவுல ஒளிச்சு வச்சிருந்தேன்டி. அதனாலதான் அவ போயிட்டான்னு நெனச்சுட்டிருக்கேன்."