வெடி, சாமான், சிப்பி

கொழும்பில் நடக்கும் இணையப் பாதுகாப்பு மாநாடுகளுக்குப் போய்க் கோபப்படாமல் நான் திரும்பி வந்ததே இல்லை. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டு, கையில் பெட்டிஸ் பலகாரத்தை வைத்துக்கொண்டு, "போன வருசப் போட்டியில அவங்களக் கொன்னுட்டம்" என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். சேர்வரைத்தான் சொல்கிறார்கள், எனக்கும் தெரியும். ஆனாலும் பற்றிக்கொண்டு வரும். குளிரூட்டிய மண்டபத்தில் நின்று அவர்கள் அதைச் சொல்லலாம். நாங்கள் சொன்னதோ கிழக்குக் கரை மருதமுனையில், ஒரு தறிக் கொட்டிலுக்குப் பக்கத்து அறையில் ஒலித்தது.

அப்போது நான் கம்பஸில் மூன்றாம் வருடம். எனக்குக் கல்முனை, நண்பனுக்கு மருதமுனை. எங்கள் அணியில் நாங்கள் இரண்டே பேர். மூளை அவனுடையது, வாய் என்னுடையது. போட்டி இதுதான்: ஒவ்வொரு அணிக்கும் ஒரு சேர்வர் தருவார்கள். நம்முடையதைக் காக்க வேண்டும், மற்றவர்களுடையதை உடைத்து உள்ளே போய், அங்கே ஒளித்து வைத்திருக்கும் ஒரு வரி எழுத்தை எடுத்து வர வேண்டும். அந்த வரிக்குக் கொடி என்று பெயர். முதல் சுற்று வீட்டிலிருந்தே. அதில் தேறினால் கொழும்பில் இறுதிச் சுற்று. இறுதிச் சுற்றுக்கு வந்த பிள்ளைகளைப் படிப்பு முடியுமுன்னரே கம்பனிகள் கொத்திக்கொண்டு போகும். நண்பன் அந்த ஒன்றையே நம்பியிருந்தான்.

முந்திய வருடம் கம்பஸுக்குள் நடந்த சின்னப் போட்டியொன்றில் நாங்கள் கதைத்ததைப் பக்கத்து மேசைக்காரர்கள் ஒட்டுக்கேட்டு, எங்கள் தந்திரத்தையே எங்களுக்கு எதிராகப் பாவித்தார்கள். அந்த எரிச்சலில் நான் எல்லாவற்றுக்கும் தமிழில் பெயர் வைத்தேன். ஓட்டையை உடைக்கும் நிரலுக்கு வெடி. அதோடு உள்ளே அனுப்பும் துண்டுக்குச் சாமான். அங்கே நம் கட்டளைகளை ஓட்ட ஒரு ஷெல் கிடைத்தால் சிப்பி. சிங்களப் பிள்ளைகளுக்கும் விளங்காது, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கும் விளங்காது என்று பெருமையாகத் திரிந்தேன். யாருக்கு விளங்கும் என்று யோசிக்கவே இல்லை.

ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்த அந்த ஏப்ரல் கழிந்து நெடுநாள் ஆகவில்லை. எங்கள் கரையோர முஸ்லிம் ஊர்களில், சோதனைக்குப் பயந்து மீன் வெட்டும் கத்தியைக்கூட ஒளித்து வைத்த காலத்தைத் தாண்டி வந்திருந்தோம், அவ்வளவுதான். நண்பனின் அடுத்த வீட்டில் ஒரு போட்டுக்காரர் இருந்தார். படகில் கடலுக்குப் போகிற ஆள், என் வாப்பாவோடு மதரஸாவில் ஒன்றாக ஓதியவர். பிள்ளைகள் எல்லோரும் அவரைக் காக்கா, அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். யாரோ அனுப்பிய ஒரு குரல் பதிவு போனில் இருந்தது என்று அவருடைய மகனைப் பொலிஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்ப் பல மாதம் வைத்திருந்தார்கள். மகன் திரும்பி வந்துவிட்டான். ஆனால் தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அவர் சோற்றுக் கையோடு எழும்பி வாசலுக்கு வந்துவிடுவார்.

முதல் சுற்று ஒரு சனிக்கிழமை காலையில் தொடங்கியது. நான் கல்முனையில் என் வீட்டில், அவன் மருதமுனையில் அவன் வீட்டில். போனில் இணைய அழைப்பில் கதைத்தபடியே விளையாடினோம். பக்கத்துக் கொட்டிலில் கரண்டில் ஓடும் தறிகள் சடசடவென்று அடித்துக்கொண்டிருந்ததால், அவன் போனை ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் வைத்துக் கத்திக் கத்தித்தான் கதைத்தான். பத்தரை மணிக்கு நாங்கள் மூன்றாம் இடத்தில் நின்றோம். 

அந்த நேரம் பார்த்து அங்கே கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டன. அவனுடைய மடிக்கணினி பற்றரியிலும், இணையம் போன் டேட்டாவிலும் ஓடின. தறி நின்றதை அவன் கவனிக்கவில்லை, குரலைக் குறைக்கவும் இல்லை.

"மச்சான்! சாமான் ரெடி! பதினொரு மணிக்கு வைக்கிறன்! வெடிச்சா அவன்ட இடம் முழுக்க எங்கட கையிலதான்!"

"வை மச்சான், வை! ஒருத்தனையும் விடாத!" என்று நானும் கத்தினேன். என் குரலும் அவனுடைய ஸ்பீக்கர் வழியே தெருவுக்குப் போயிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் கதவு உடையும் சத்தம் கேட்டது. முதலில் எங்கள் விளையாட்டில் ஏதோ கதவு உடைந்ததாகத்தான் என் முட்டாள் மூளை நினைத்தது. பிறகு போட்டுக்காரரின் குரல் கேட்டது.

"எங்கடா வைக்கப் போறாய்? பள்ளிவாசல்லயா? சொல்லுடா!"

"காக்கா, இது கொம்பிட்டர் போட்டி காக்கா, அல்லாவுக்காக..."

"போட்டியாம்! என்ட புள்ளையும் இப்பிடித்தான் ஒண்டுமில்ல ஒண்டுமில்லண்டான்!"

பொல்லால் அடி விழுந்தது. ஈரச் சாக்கைச் சுவரில் அடிப்பது போன்ற சத்தம். அவரோடு இன்னும் மூன்று நான்கு பேர் வந்திருந்தார்கள். கதிரை விழுந்தது, கண்ணாடி உடைந்தது. அவன் "உம்மா" என்று கத்தினான். காதுக்குள் இயர்போனைச் செருகியிருந்த எனக்கு ஒவ்வொரு அடியும் என் மண்டைக்குள் விழுவதுபோல இருந்தது.

"மத்தவன் ஆரு? போன்ல கதைச்சவன் ஆருடா?"

என் விரல் போய் மியூட்டை அழுத்தியது.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. 'காக்கா, நான்தான், இன்னாருடைய மகன், இது போட்டிதான்' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பொல்லைக் கீழே போட்டிருப்பார். அவர் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். அது எனக்கு அந்த நேரமே தெரியும். தெரிந்துகொண்டேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பேர் சொன்னால் அடுத்து என் வீட்டுக்கு வருவார்கள், பிறகு ஜீப் வரும், வாப்பாவைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று பயந்தேன்.

"தெரியா" என்றான் நண்பன். அடி விழுந்தது. "தெரியா காக்கா." மறுபடியும் அடி. "இந்தக் கையாலதானே தட்டுறாய்?" என்று வேறொரு குரல் கேட்டது. அதற்குப் பிறகு அவன் போட்ட சத்தத்தை எழுத எனக்குச் சொல் இல்லை. யாரோ போனை மிதித்தார்கள், அழைப்பு அறுந்தது.

என் திரையில் போட்டி நடந்துகொண்டே இருந்தது. காக்க ஆளில்லாத எங்கள் சேர்வரை மற்ற அணிகள் ஒவ்வொன்றாக வந்து அடித்துக் கொடி எடுத்துக்கொண்டு போயின. எழும்ப மாட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதற்குப் பிறகுதான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

நான் போய்ச் சேரும்போது கடையிலிருந்து ஓடி வந்த நண்பனின் வாப்பா எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி முடித்து, மகனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிருந்தார். அறைச் சுவரில் இரத்தம் தெறித்திருந்தது. போட்டுக்காரர் முற்றத்து மணலில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார்.

"திரும்ப ஒருக்கா இந்தத் தெருவுக்கு ஜீப்புக்காரங்க வந்தாங்கண்டா நாங்க மௌத்தாகி மண்ணுக்குள்ள போயிருவம் மகன். அந்தப் பயத்திலதான்..."

அவரை முடிக்க விடாமல் சட்டையைப் பிடித்துத் தூக்கி முகத்தில் குத்தினேன். திரும்பத் திரும்பக் குத்தினேன். அவருடைய மூக்கு என் கைமுட்டியின் அடியில் நொறுங்கியது. அவர் கையைத் தூக்கவே இல்லை. ஆட்கள் வந்து என்னை இழுத்தெடுக்கும்வரை அடித்தேன். சிநேகிதனுக்காக இப்படித் துடிக்கிறானே என்று ஊரில் என்னை மெச்சினார்கள். அதையும் நான் மறுக்கவில்லை.

நண்பனுக்கு வலக்கையில் மூன்று விரல்கள் முறிந்திருந்தன. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் அவன் பிறகு கணினியைத் தொடவில்லை. இப்போது வாப்பாவின் துணிக்கடையில் சாரம் விற்கிறான். அடுத்த வருடம் வேறு ஆட்களோடு சேர்ந்து நான் இறுதிச் சுற்றுக்குப் போனேன். அந்த வழியில் கிடைத்த வேலையில்தான் இன்றும் இருக்கிறேன்.

அடி விழுந்த அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் அவனுடைய கட்டிலருகே நின்றேன். முகம் வீங்கி, ஒரு கண் மூடிக் கிடந்தது. அவனுடைய வாப்பா தண்ணீர் எடுக்க வெளியே போனதும் அவன் மெதுவாகச் சொன்னான்.

"போன் எனக்கு நேர மேசையிலதான் கிடந்திச்சி மச்சான். அடி விழக்குள்ள பார்த்தன், உன்ட பட்டப்பேருக்குப் பக்கத்தில மைக் சிவப்பாகிச்சி."

நான் கட்டில் விரிப்பின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தேன்.

"கை தட்டுப்பட்டுத்தானே?" என்று கேட்டான்.

"ஓம் மச்சான். கை தட்டுப்பட்டிட்டு."

"அதான். நானும் அப்பிடித்தான் நினைச்சன்" என்று சொல்லிவிட்டு, கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.