ராக்காயி நடித்துக் காட்டிய விபத்து

ராக்காயிக்கு ஐம்பத்து மூன்று வயது. வீடு மலேசியாவின் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில்; வேலை ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில். சித்தியவான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர், முதலாளி தோட்டத்தை விற்றதும் பட்டணம் வந்தார். யார் முறைத்தாலும் திருப்பி முறைப்பார். ஆனால் காகிதத்தை நீட்டினால் மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி விரல் வைத்த இடத்தில் கோடு இழுத்தே மூன்று தலைமுறை ஓடியிருந்தது. தோட்டம் போயிற்று, அந்த வழக்கம் போகவில்லை.

போன திங்கட்கிழமை, கூட வேலை செய்யும் மாயாண்டியை ஃபோர்க்லிஃப்ட் பின்னாலிருந்து இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பில் விரிசல், மனிதர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிரேக் பிடிக்கவில்லை என்று இரண்டு வாரமாக எல்லோரும் கத்திய வண்டி அது. மறுநாள் அதற்குப் பூசை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள்.

"எலுமிச்சம்பழம் பிரேக் புடிக்குமா லா?" என்றார் ராக்காயி.

விபத்தை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். சூப்பர்வைசர் சுகுமாரன் ஆங்கில அறிக்கையை நீட்டி, "இங்க ஒரு சைன் போடுங்கக்கா" என்றான். போட்டார். நகலை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

வியாழன் மாலை, ராக்காயி போய்வரும் பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு. ஆசிரியை ஷர்மினி ஒவ்வொரு வார்த்தையையும் நடித்துக் காட்டுவாள். அன்று நடை பற்றிய பாடம். கால் இடறினால் 'ஸ்டம்பிள்'. குழந்தைபோல் தத்தி நடந்தால் 'டாட்டர்'. 'ஸ்டாகர்' என்று சொல்லி இப்படியும் அப்படியும் சாய்ந்து போய்க் கரும்பலகையில் முட்டிக்கொண்டாள்.

"சம்சு அடிச்சவன் மாதிரில்ல இருக்கு!" என்று ராக்காயி கைதட்டினார்.

"குடிச்சவங்களுக்குத்தான்க்கா அத அதிகமா சொல்றது."

பலகையில் எழுதியிருந்த அந்த வார்த்தை, கையெழுத்துப் போட்ட காகிதத்திலும் கண்ணில் பட்டது போலிருந்தது. ராக்காயி கைப்பையைத் துழாவி நகலை எடுத்து நீட்டினார். ஷர்மினி படித்துச் சொன்னாள்: மாயாண்டி தானாகவே தள்ளாடி வண்டிப் பாதையில் விழுந்தார்.

"வண்டி இடிச்சது எங்க இருக்கு?"

"எங்கயும் இல்லக்கா. இது இப்படியே போனா, தொழிலாளர் காப்புறுதி சொக்சோவுல இழப்பீடு கெடைக்கிறது கஷ்டம்."

"அந்த மனுசன் சம்சுவ மோந்துகூடப் பாத்ததில்ல! இடிச்சதுக்கு என்ன வார்த்தை? சொல்லு."

"ஸ்ட்ரக்."

வெள்ளிக்கிழமை காலை ராக்காயி நேராக அலுவலகத்துக்கு, சுகுமாரனிடம் போனார்.

"தம்பி, நீ எழுதினது இது." கைகளைப் பரப்பி, தலையைத் தொங்கப்போட்டு, மேசைகளுக்கு நடுவே தள்ளாடினார். மலாய்க்காரக் கிளார்க் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு வார்த்தைதானேக்கா. இதுக்குப் போயி..."

"நான் பாத்தது இது." அலமாரியிலிருந்த தடித்த ஃபைலை எடுத்து, திரும்பி நின்ற சுகுமாரனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அவன் இரண்டு எட்டுத் தள்ளாடிப் போய்த் மூலையிலிருந்த பெரிய தண்ணீர் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்து நின்றான்.

"அலாமா! என்னக்கா இது!"

"ஏன்யா தள்ளாடுற? காலையிலேயே சம்சுவா?"

அலுவலகமே வெடித்துச் சிரித்தது. சுகுமாரனின் காது சிவந்தது. "மேல இருந்துதான் வண்டியப் பத்தி எழுதாதன்னாங்கக்கா" என்று முனகினான்.

"மேல இருக்கிறவங்க பாக்கல. நான் பாத்தேன். என் கையெழுத்து வேணும்னா, நான் பாத்தத எழுது."

அவன் உட்கார்ந்து தட்டினான். மாயாண்டி ஸ்ட்ரக். பின்னாலிருந்து. ஃபோர்க்லிஃப்ட் பிரேக் பழுது, இரண்டு வாரமாகப் புகார். பழைய காகிதத்தை ராக்காயியே கிழித்தார்.

புதியது அச்சாகி வந்ததும் பழக்கதோஷத்தில் சுகுமாரன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தான். ராக்காயி அந்த விரலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தார்.

"அக்கா, லோரி வந்துருச்சு லா!"

"நிக்கட்டும். இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு."