வெள்ளிக்கிழமை போண்டா

சிட்லபாக்கம் எலியேசருக்குப் போண்டா வாசனை பட்டாலே குமட்டும். மனைவி பியூலா ஆசையாகப் போட்டுக் கொடுத்தாலும் தட்டைத் தள்ளிவிட்டு ஏரிப் பக்கம் நடந்துவிடுவார். வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை.

குரோம்பேட்டையில் ஒரு மின்விசிறிக் கம்பெனியில் டிராயிங் போடுகிறவராக இருந்தார். புது மாடல் யோசிப்பதற்கென்றே அங்கே ஒரு செக்‌ஷன். அதற்குத் தலைவர் யக்ஞநாராயணன். கெட்ட மனுஷர் இல்லை, தமாஷ் பேர்வழி. அந்தத் தமாஷ்தான் குடியைக் கெடுத்தது. வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம். யார் சொன்ன யோசனைக்குச் சிரிப்பு எழுகிறதோ, அவர் எல்லோருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும். சிரிப்பு எழ யக்ஞநாராயணன் உதடு கோணினால் போதும். எலியேசர் ஒரு தடவை வாங்கிக் கொடுத்துவிட்டு, வருஷம் முழுக்க 'போண்டா சார்' என்ற பெயரைச் சுமந்தார். அதற்குப் பிறகு கூட்டத்தில் வாயில் கொழுக்கட்டைதான்.

1968இல் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: தீபாவளிக்குள் புது மாடல் வராவிட்டால் செக்‌ஷனுக்கு மூடுவிழா.

அந்த வாரக் கூட்டத்தில் ஜெயசீலி எழுந்தாள். டிரேசிங் வேலைக்குப் புதிதாக வந்த பெண், வழக்கம் தெரியாது.

"சார், அஸ்தினாபுரத்துல எங்க வீட்ல டேபிளே கிடையாது. டேபிள் ஃபேனைத் தரையில வச்சா தம்பி கையை விடறான். அதையே சுவத்துலயும் மாட்டற மாதிரி செஞ்சா என்ன?"

எலியேசருக்குச் சுரீரென்று உறைத்தது. அருமையான யோசனை. அடித்தட்டில் சின்ன மாற்றம் செய்தால் தீர்ந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தார். கண் மட்டும் பழக்கதோஷத்தில் யக்ஞநாராயணன் முகத்துக்குப் போயிற்று. அந்த உதடு கோணிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, ஃபேன் என்ன காலண்டரா, ஆணியில மாட்ட? போண்டா உன் கணக்கு!"

செக்‌ஷனே சிரித்தது. எலியேசர் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். இந்த வாரம் தன் தலை தப்பிய நிம்மதி. த்தூ, என்ன நிம்மதி! அந்தப் பெண் வாங்கி வந்த போண்டாவையும் சட்னி தொட்டுத் தின்றார். அதற்கப்புறம் ஜெயசீலி கூட்டத்தில் பேசவே இல்லை.

தீபாவளிக்கு முன்பே தாம்பரம் கடைத்தெருவில் வேறொரு கம்பெனியின் விசிறி சுவரில் தொங்கியபடி சுழன்றுகொண்டிருந்தது. செக்‌ஷனை மூடினார்கள். கடைசி நாள் யக்ஞநாராயணனே எல்லோருக்கும் போண்டா வரவழைத்தார்.

"இத்தனை பேர் இருந்தோம், ஒருத்தருக்காவது அந்த ஐடியா வந்துதா பாருங்கோ" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அவருக்கு ஞாபகமே இல்லை.

ஜெயசீலி எலியேசரைப் பார்த்தாள். எலியேசர் யக்ஞநாராயணனைப் பார்த்தார். வாயில் பாதி போண்டா இருந்தது.

"ஆமா சார், யாருக்குமே வரலையே" என்றார்.